தாராவியின் காகிதங்களும் கட்டற்ற மென்பொருளும்: ஒரு சிறு வலைவாசலுக்கான முன்வரலாறு

(நீண்ட பதிவு. ஆவணவியல், மொழியியல், நகர வரலாறு பயிலும் மாணவர்களுக்குப் பயன்படலாம்.)

மும்பைத் தமிழர் ஆவணங்களுக்கெனச் சிறியதொரு வலைவாசல் வேண்டும் என்னும் பேச்சு, இந்நகரில் தமிழ் பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருப்போரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. தாராவிச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள், மாட்டுங்கா சபாக்களின் மலர்கள், செம்பூர்க் கோயில்களின் குடமுழுக்கு அழைப்பிதழ்கள், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் விழா நிரல்கள், நாடகத் துண்டறிக்கைகள், தேர்தல் சுவரொட்டிகள் என்று பட்டியல் நீளும். பிறகு ‘எந்த மென்பொருளில் செய்வது?’ என்ற கேள்வி வரும். பேச்சு அங்கேயே நின்றுவிடும். அக்கேள்வியைத் தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் அது நம்மை நிறுத்திவிடுகிறது என்று கருதுகிறேன். அதற்கொரு வரலாற்று விடை உண்டு. அவ்விடை தமிழின் கணினி வரலாற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

முதலில், ஏன் இப்போது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைச் சான்றுடன் நிறுவுவோர்க்குத் தாராவிக்குள்ளேயே வீடு என்பது திட்டத்தின் அடிப்படை விதி. ஆகவே டிரங்குப் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடந்த காகிதங்கள் வெளியே வருகின்றன. அவை இரண்டு வகையாகப் பிரிகின்றன. குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல் போன்றவை சான்றாகும் காகிதங்கள். அவை நெகிழி உறைக்குள் பத்திரமாகின்றன. சங்கத்தின் சந்தாப் புத்தகம், கையெழுத்து இதழ், ஊரிலிருந்து வந்த கடிதம், பொங்கல் விழாத் துண்டறிக்கை போன்றவை சான்றாகாத காகிதங்கள். வீடு மாறும் நாளில் அவை பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போகும். வரலாற்று மாணவருக்கும் மொழியியல் மாணவருக்கும் வேண்டியவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக் காகிதங்களே.

இவ்விழப்பு மும்பைத் தமிழர் எல்லோர்க்கும் சமமானதன்று. மாட்டுங்காவில் 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகமும், கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபாவும் தம் ஆவணங்களைத் தாமே வைத்துக்கொள்ளும் கட்டடமும் அலுவலகமும் உடையவை. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வந்து தாராவியின் தோல் தொழிலில் உழைத்தோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. 1971-இல் பாந்த்ராவிலிருந்த இறைச்சிக்கூடம் தேவ்னாருக்கு மாறியதோடு தாராவித் தோல் பதனிடும் தொழில் தேயத் தொடங்கியது. அத்தொழிலைப் பற்றிய தமிழ்க் காகிதங்கள் எந்த நிறுவனத்தின் அலமாரிக்கும் போகவில்லை. ஆவணத்தைக் காக்கும் ஆற்றலும் சாதி, வர்க்க வழியே பகிர்ந்தளிக்கப்பட்ட ஒன்று என்பதை இந்நகரின் மூன்று தமிழ்ப் பேட்டைகளும் காட்டுகின்றன. பெரிய நிறுவனம் இல்லாதவர்கள் சிறிய கருவியைக் கொண்டு ஆவணகம் அமைக்க முடியுமா என்பதே நம் கேள்வியின் உட்கிடை.

இனி மென்பொருளுக்கு வருவோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். 1989-இல் அதன் பொதுமக்கள் உரிமம் எழுத்து வடிவம் பெற்றது. பயன்படுத்தவும், உட்புகுந்து படிக்கவும், மாற்றவும், பிறர்க்கு வழங்கவும் உள்ள உரிமைகளே அதன் சாரம். விலையின்மை அவ்வுரிமைகளின் துணைவிளைவு. இதைச் சட்ட நுணுக்கம் என்று ஒதுக்குவோர் வேர்ட்பிரஸின் பிறப்பைப் பார்க்கலாம். 2001-இல் மிஷேல் வால்டிரிகி என்பவர் ‘பி2’ என்னும் வலைப்பதிவு மென்பொருளை எழுதினார். 2002-இன் இறுதியில் அவர் அதைக் கவனிப்பது நின்றுபோயிற்று. தனியுரிமை மென்பொருளாக இருந்திருந்தால் அதன் கதை அங்கே முடிந்திருக்கும். பி2 குனூ உரிமத்தில் வெளிவந்திருந்தமையால், மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் யாருடைய தயவையும் எதிர்பாராமல் அதன் மூலநிரலை எடுத்துத் தொடர்ந்தனர். 2003 மே மாதத்தில் வேர்ட்பிரஸ் வெளியாயிற்று. இன்று உலகின் வலைத்தளங்களில் கணிசமானவை அதன்மேல் இயங்குகின்றன. ஆக்கியோன் விலகினாலும் ஆக்கம் நிற்கும் என்னும் ஏற்பாடு ஓர் ஆவணகத்துக்கு மிக வேண்டிய பண்பு.

தமிழர்க்கு இவ்வுண்மை வேறொரு வழியில் தெரியவந்தது. அது எழுத்துருக்களின் கதை. 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணையத்தில் ஏறியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஒவ்வொரு மென்பொருளாளரும் ஒவ்வொரு இதழும் தமக்கெனத் தனிக் குறியேற்றம் வைத்துக்கொண்டனர். ஓர் எழுத்துருவில் ‘க’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘ஞ’ இருக்கும். ஒரு தளத்தைப் படிக்க அத்தளத்தின் எழுத்துருவைத் தரவிறக்க வேண்டும். தளம் மறைந்து எழுத்துருவும் கிடைக்காமற்போனால், கோப்பு கையில் இருந்தும் எழுத்து படிக்க இயலாது. 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது; ஆனால் அதைத் திரையில் சரியாகக் காட்டும் இயங்குதளங்கள் பரவப் பத்தாண்டுகள் பிடித்தன. இடைக்காலத்தில் ஆர்வலர்கள் மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்துத் ‘திஸ்கி’ எனும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே ‘டாப்’, ‘டாம்’ என்னும் குறியேற்றங்கள் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்தரும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை உலகெங்குமுள்ள தன்னார்வலர் தட்டச்சு செய்து தர, திஸ்கியில் வெளியிட்டது. ஒருங்குறி பரவியபின் அக்கோப்புகள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. திஸ்கியின் அட்டவணை பொதுவெளியில் இருந்தமையால் மாற்றிகளை எவரும் எழுத முடிந்தது. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியை அக்காலத்து வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அட்டவணை வெளியிடப்படாத எழுத்துருவில் சேர்ந்த உரையை மீட்க, ஒவ்வொரு குறியையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் வாசகர் கொடுத்த விலை ஒன்றுதான்: இரண்டும் இலவசம். வேறுபாடு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதில் இருந்தது.

இடத்துக்கும் இதே விதி பொருந்தும். 1990-களின் இறுதியில் புலம்பெயர்ந்த தமிழர் பலர் தம் முதல் வலைப்பக்கங்களை ஜியோசிட்டீஸ் தந்த இலவச இடத்தில் கட்டினர். 1999-இல் யாஹூ நிறுவனம் அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. தன்னார்வலரும் இணைய ஆவணகமும் விரைந்து நகலெடுத்தவை போக, எஞ்சியவை போயின. இன்று சமூக வலைத்தளக் குழுக்களில் பழைய தாராவிப் படங்களைப் பகிர்வோர் அதே வகையான இரவல் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். (இப்பதிவும் அத்திண்ணையிலிருந்தே எழுதப்படுகிறது, பதிவுக்கு அது போதும், ஆவணத்துக்குப் போதாது.)

நமக்கு மிக நெருங்கிய முன்மாதிரி ஈழத்தில் உள்ளது. 1981-இல் மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நினைவைச் சுமந்த தலைமுறையிலிருந்து தி. கோபிநாத், மு. மயூரன் முதலியோர் 2005-இல் ‘நூலகம்’ திட்டத்தைத் தொடங்கினர். அத்திட்டம் தேர்ந்த மென்பொருள் மீடியாவிக்கி. 2002-இல் விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்டு, குனூ உரிமத்தில் வெளியானது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் அதில் இயங்கிவந்தமையால், இடைமுகம் ஏற்கெனவே தமிழில் இருந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த தமிழரும் இருந்தனர்.

நூலகத்தின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம். அதில் நூலக எண், ஆசிரியர், வகை, மொழி, வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகிய மீதரவுகள். கீழே மின்வருடிய கோப்புக்கான இணைப்பு. பகுப்புகள் பட்டியல்களைத் தாமாக உருவாக்குகின்றன. யார் எப்போது எந்தத் திருத்தம் செய்தார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. தவறான ஆண்டை ஒருவர் திருத்தினால், பழைய ஆண்டும் அழியாமல் இருக்கும். அச்சு நூலகத்தின் அட்டைப் பெட்டிக்கு இந்த வசதி கிடையாது. நூல்களுக்கு அப்பால் ஒளிப்படம், ஒலிப்பதிவு, வாய்மொழி வரலாறு என்று தொகுப்பு விரிந்தபோது விக்கியின் எல்லை தெரிந்தது; பல்லூடகத்துக்கென ‘ஆவணகம்’ என்னும் தனித்தளம் ஐலண்டோரா என்னும் இன்னொரு திறமூல மென்பொருளில் அமைந்தது. மென்பொருள் மாறிற்று, தொகுப்பு தொடர்ந்தது. மீதரவு திறந்த வடிவில் இருந்தால் வீடு மாறுவது எளிது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

மும்பைக்கும் இம்மரபில் பங்குண்டு என்பதை இங்குள்ள மாணவர்களே பெரும்பாலும் அறிவதில்லை. ஜுஹுவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், சீ. இரமணி தலைமையில் எர்னெட் வலையமைப்பின் தொடக்கப் பணிகளில் முதன்மைப் பங்கு வகித்தது. பின்னர் லினக்ஸில் இந்திய எழுத்துகளைக் காட்டும் இண்டிக்ஸ் பணியையும் மேற்கொண்டது. செம்பூரை அடுத்த மான்குர்டிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் நாகார்ஜுனா, கட்டற்ற மென்பொருளைக் கல்விக்குள் கொண்டுவரும் பணியைப் பல்லாண்டுகள் செய்தார். 2001-இல் தோன்றிய இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கும் தலைமை தாங்கினார். மும்பை ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம், லினக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் போன்றவற்றைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் சிறு பாடங்களாகத் தருகிறது. காணொளி ஆவணத்துக்கென 2008-இல் இந்நகரில் உருவான ‘பாட்.மா’ தளம், தன் மென்பொருளையும் திறமூலமாக வெளியிட்டது. கருவியும் பயிற்சியும் ஒரு மணிநேர ரயில் தொலைவுக்குள் இருக்கின்றன.

மென்பொருளை நிறுவுவது அரைநாள் வேலை. தமிழைச் சரியாக வைப்பதற்கே உழைப்பு வேண்டும். மொழியியல் படித்தவர்கள் பயன்படக்கூடிய இடம் இதுதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் தமிழெழுத்துகள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ நிற்கிறது. ‘ர’வுக்கு அடுத்து ‘ற’ நிற்கிறது. புள்ளியின் குறி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. குறியெண் வரிசைப்படி அடுக்கும் தரவுத்தளம் ‘பகல்’ என்பதை முதலிலும் ‘பக்கம்’ என்பதைப் பின்னும் வைக்கும். அகராதி மரபில் ‘பக்கம்’ முன்வர வேண்டும். ‘வலம்’, ‘வறுமை’ இரண்டும் அவ்வாறே இடம் மாறும். தமிழுக்கான வரிசை விதியைத் தரவுத்தளத்தில் தெரிவுசெய்தாலன்றி ஆசிரியர் பட்டியல் தமிழ் வாசகருக்குத் தாறுமாறாகத் தெரியும்.

இரண்டாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு சேமிப்பு. ‘கொடி’ என்பதிலுள்ள ஒகரக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடுபொறிக்கு இரண்டும் வேறு. ‘கௌ’ என்பதன் இறுதியில் ஔகாரக்குறிக்கு மாற்றாக ‘ள’ என்னும் எழுத்தைத் தட்டிவிடுவோரும் உளர். மீடியாவிக்கி முதற்சிக்கலைத் தானே ஒருநிலைப்படுத்திவிடும். இரண்டாவதை மனிதர்தான் திருத்த வேண்டும்.

மூன்றாவது, பெயர்கள். பம்பாய், மும்பை, மாட்டுங்கா, மாதுங்கா, சயான், சியான். ஒரே சங்கம் தன் பெயரைப் பதிற்றாண்டுதோறும் வேறுவேறாக அச்சிட்டிருக்கும். ஆவணத்தில் உள்ள வடிவத்தை உள்ளபடியே ஒரு புலத்திலும், தேடலுக்கான தர வடிவத்தை மற்றொரு புலத்திலும் பதிவது நூலகவியலின் பழைய வழக்கம். முதல் வடிவத்தை ‘திருத்தி’விட்டால் எழுத்து வழக்கின் வரலாற்றையே அழித்தவர்களாவோம். தாராவித் துண்டறிக்கைகளில் இந்தியும் மராத்தியும் தமிழெழுத்தில் வரும் இடங்கள் மொழித்தொடர்பு ஆய்வாளருக்குப் பொன் போன்றவை. அவற்றில் கை வைக்கலாகாது. டெசராக்ட் என்னும் திறமூல எழுத்துணரி தெளிவான தமிழ் அச்சை நன்றாகவே படிக்கிறது. கையெழுத்துக்கும் மங்கிய அச்சுக்கும் மனிதக் கண்ணே வேண்டும்.

எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பலர் சேர்ந்து மீதரவு திருத்துவதானால் மீடியாவிக்கி. பொருள்களை வகைப்படுத்திக் கண்காட்சியாகக் காட்டுவதானால், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து 2008-இல் வெளிவந்த ஓமேக்கா. பல்கலைக்கழக நூலகம் பொறுப்பேற்பதானால் டிஸ்பேஸ். ஆனால் தரவுத்தளம் உள்ள எந்த மென்பொருளுக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து நிறுவ ஓர் ஆள் வேண்டும். முனைவர்ப்பட்டம் முடிந்து அந்த ஆள் வேறு ஊருக்குப் போனபின், கவனிப்பாரற்ற வேர்ட்பிரஸ் தளத்தில் சூதாட்ட விளம்பரம் புகுந்துவிடுவது பலரும் கண்ட காட்சி. ஆள் நிலையாக இல்லாத குழுவுக்கு, ஜெக்கில் அல்லது ஹியூகோ போன்ற நிலைப்பக்க ஆக்கி பொருத்தமானது. அட்டவணைக் கோப்பு ஒன்றில் மீதரவு, கோப்புறை ஒன்றில் படங்கள். ஆக்கி இவற்றிலிருந்து சாதாரண வலைப்பக்கங்களை உருவாக்கித் தந்துவிடும். உடைத்துப் புகத் தரவுத்தளமே இருக்காது. பக்கங்கள் எடை குறைந்தவை. குறைந்த விலைக் கைபேசியிலும் திறக்கும். மொத்தத் தளத்தையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துச் சங்க அலுவலகத்திலும் பள்ளியிலும் வைக்கலாம். தாராவிக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

இலவச மென்பொருளிலும் செலவு உண்டு என்பதை மறைக்கக்கூடாது. டொமைன் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வழங்கிக்கு வாடகை உண்டு. மின்வருடுவோருக்குக் கூலி தர வேண்டும். ஆராய்ச்சித் திட்டங்களின் நிதி மூன்றாண்டில் முடியும், டொமைன் காலாவதியாகும், தளம் மறையும். நூலகம் இருபதாண்டு நிலைத்ததற்கு மீடியாவிக்கி ஒரு காரணம் மட்டுமே. ஓர் அறக்கட்டளையும், நாடுகள்தோறும் சிறுதொகை தரும் மக்களும் அதன் பின்னே இருந்தனர்.

இறுதியாக அறம் சார்ந்த ஒரு செய்தி. திறந்த மென்பொருள் என்பதற்கு எல்லா ஆவணத்தையும் திறந்துவைத்தல் என்று பொருளில்லை. தகுதிக் கணக்கெடுப்பு நடக்கும் காலத்தில், ஒரு குடும்பம் எந்த ஆண்டில் எந்தச் சாலில் இருந்தது என்று காட்டும் காகிதம் அக்குடும்பத்தின் வீட்டையே தீர்மானிக்கும். நல்லெண்ணத்தோடு நாம் ஏற்றும் ஒரு சந்தாப் பட்டியல், ஒருவருக்குச் சான்றாகலாம். இன்னொருவருக்கு எதிராகவும் திரும்பலாம். எனவே முதற்சுற்றில் அச்சிட்டுப் பொதுவில் வழங்கப்பட்டவை மட்டும் ஏறட்டும்: மலர்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள், இதழ்கள். பெயரும் முகவரியும் உள்ள பதிவேடுகளை மின்வருடி, உரியவரிடமே ஒரு நகலைக் கொடுத்து, வலையில் ஏற்றாமல் வைக்கலாம். மூலக் காகிதம் வீட்டாரிடமே இருக்க வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது படம் மட்டும்.

தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு என் ஆலோசனை சிறியது. மென்பொருளை நாளை தேடலாம். இன்று ஒரு சங்கம், ஒரு பள்ளி, அல்லது ஒரு குடும்பத்தின் ஐம்பது காகிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். லிப்ரே ஆஃபீஸ் அட்டவணையில் தலைப்பு, ஆக்கியோர், நாள், இடம், மொழி, உரிமையாளர், இசைவு என்னும் ஏழு பத்திகள் போடுங்கள். ஒருங்குறியில் நிரப்புங்கள். கைபேசியில் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, வரிசை எண்ணைக் கோப்புப் பெயராக இடுங்கள். அந்த அட்டவணையை எந்த மென்பொருளும் ஏற்றுக்கொள்ளும். கணக்கெடுப்பு முடிந்த சந்துகளில் பெட்டிகள் கட்டத் தொடங்கும்முன் அது நிறைவது நல்லது.